இருநிலத்து ஊர்தியும் அதற்கேற்ற டயரும்

மண்ணிலும் தாரிலும் ஒருங்கே ஓடுதற்கென இயற்றப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் நம் கல்லூரி வண்டிக் கொட்டகையில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்பீல்டு நிறுவனத்தார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹிமாலயன்’ என்னும் வண்டியும், 2019-இல் ஹீரோ நிறுவனத்தார் வெளியிட்ட ‘எக்ஸ்பல்ஸ் 200’ என்னும் வண்டியும் இவ்வகையில் பலரும் அறிந்தவை. வண்டியின் ஆற்றலைப் பற்றி நாழிகைக் கணக்காக உரையாடும் நண்பர்கள், அவ்வண்டி நிலத்தைத் தொடும் உறுப்பாகிய டயரைத் தேருங்கால் மட்டும் கண்ணுக்கு இனியதையே தேருகின்றனர். கட்டை கட்டையாய்ப் புடைத்து நிற்கும் ‘பட்டன் டயர்’ ஒன்றைப் பூட்டினாலன்றி வண்டி வண்டியாகாது என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் தவறென்பது என் துணிபு.

டயர் நிலத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ உள்ளங்கையளவே. கட்டைகளுக்கு இடையே அகன்ற பள்ளங்கள் உள்ள டயர் இளகிய மண்ணில் ஓடும்போது, கட்டைகள் மண்ணுட் புதைந்து அதனைப் பற்றிக்கொள்கின்றன, பள்ளங்களும் பயன்படுகின்றன. அதே டயர் தார்ச்சாலைக்கு ஏறியவுடன் பள்ளங்கள் ஒன்றையும் தொடுவதில்லை. கட்டைகளின் தலைகளே தொடுகின்றன. ஆகவே அவ்வுள்ளங்கையளவும் பாதியாய்க் குறைகின்றது எனலாம். அன்றியும், உயரமான கட்டைகள் வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் வளைந்து கொடுப்பதனால், வண்டி ஓட்டுவோன் கருத்துக்குச் சற்றே பிந்தி நிற்கும். நனைந்த தாரில் இக்குறை பெருங்குறையாகும். பின்னிருக்கையில் தாயையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டு மழையில் ஊர் செல்லும் மாணவன், எதிரே மாடொன்று குறுக்கிட்ட கணத்தில், டயரின் அழகை எண்ணிப் பார்ப்பானோ?

நிற்க. டயர் விற்பார் ‘ஐம்பதுக்கு ஐம்பது’, ‘எண்பதுக்கு இருபது’ என்று தார்க்கும் மண்ணுக்கும் பங்கு பிரித்துக் கூறுவர். இவ்வெண்கள் யாவர்க்கும் பொதுவான அளவுகோலால் அளந்தவையல்ல. ஒவ்வொரு நிறுவனத்தாரும் தத்தம் மதிப்பிற்கேற்பக் கூறுபவை. ஒருவர் கூறும் ஐம்பதும் மற்றொருவர் கூறும் ஐம்பதும் ஒன்றாகா. எனவே எண்ணைக் கேட்பதனினும், ‘சென்ற திங்களில் என் வண்டி மண்ணில் எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று?’ என்று தன்னைத் தானே கேட்டல் நன்று. நம்மிற் பலர்க்கும் விடை, வயல் வரப்பை ஒட்டிய வண்டிப்பாதையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்பதே.

மண்ணெல்லாம் ஒரு மண்ணன்று என்பதையும் நண்பர்கள் மறக்கின்றனர். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல், கோடையில் கற்பாறை போன்றிருக்கும். மழை பெய்தாலோ பசை போல் ஒட்டும். அது பள்ளங்களை அடைத்துவிட்டால் பட்டன் டயரும் வழுவழுத்த உருண்டையாகிவிடும். அப்பொழுது இறங்கித் தள்ளுவதே வழி; மட்கார்டுக்குள் அடைந்த சேற்றைக் குச்சியால் குத்தி எடுப்பதும் உடன் சேரும். திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியின் செம்மணலோ வேறு இயல்பினது. அங்கே கட்டையைவிடக் காற்றே முதன்மை. காற்றைச் சிறிது குறைத்தால் டயர் பரந்து மணலின்மேல் மிதக்கும். ஆயின், டியூப் உள்ள சக்கரத்தில் மிகக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிப் பஞ்சராகும். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்றடிக்கக் கைப்பம்பு ஒன்றும் வேண்டும். இறுகிய செம்மண் சாலைக்கும் சரளைக்கும் ஆழம் குறைந்த கட்டைகளையுடைய இடைத்தர டயரே போதும்.

‘லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் செல்வோர் என் செய்வர்?’ என்று வினவுவாரும் உளர். நெல்லையிலிருந்து மணாலி செல்ல மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. அவற்றுள் பெரும்பகுதியும் நெடுஞ்சாலையே. மென்ரப்பர்க் கட்டைகளைப் பூட்டிச் செல்வோன் குன்சம் கணவாயின் கற்களைக் காணுமுன்னரே பின்டயரின் கட்டைகளைச் சாலையில் தேய்த்து முடிப்பான். உண்மையாகவே கரடுமுரடான வழியை நாடுவோர்க்கு ஓர் உபாயம் உண்டு. முன்டயரைச் சற்றுக் கட்டை மிகுந்ததாகவும், பின்டயரை நடுவே தொடர்ந்த பட்டையுடைய நீடித்துழைக்கும் வகையாகவும் அமைத்தல் அது. எஞ்சினின் விசை பின்சக்கரத்திற் செல்வதனால் அதுவே விரைந்து தேயும். மேலும், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுதல் ஏறத்தாழ உறுதி. மழைத்தாரில் முன்கட்டையின் குறை நீங்காதாகையால், இவ்வுபாயத்தையும் ஊருக்குள்ளேயே உலவுவோர்க்கு யான் கூறேன்.

அளவைப் பற்றி ஒரு சொல். ஹிமாலயனின் முன்டயரில் ‘90/90-21’ என்றிருந்தால், அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, ரிம் 21 அங்குலம் என்பது பொருள். ‘அகலமானது கம்பீரம்’ என்று அளவு மீறிப் பூட்டினால் வண்டியின் திரும்பும் இயல்பு கெடும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துள் உள்ள நான்கு இலக்கங்களையும் காண்க: 2324 எனின், 2024-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்திற் செய்தது. நெடுநாள் கிடந்த சரக்கைக் கழிவு விலைக்குத் தந்தாலும் வேண்டா. வெளிநாட்டுச் சரக்கே சிறந்தது என்னும் மயக்கமும் வேண்டுவதன்று. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாய்த் தோன்றிய எம்.ஆர்.எஃப். நிறுவனமும், ‘சியட்’ முதலிய பிறவும் இவ்வளவுகளில் தக்க டயர்களைச் செய்கின்றன.

ஐப்பசி மழை தொடங்குமுன் டயர் மாற்ற எண்ணும் நண்பர்கள், கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கும் பட்டன் டயரை ஒருபுறம் வைக்கச் சொல்லி, அதனருகே ஆழம் குறைந்த கட்டையுடையதையும் எடுத்து வைக்கும்படி கேட்பாராக.