ரிப்போர்ட்டின் கடைசி வரி

இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்தபோது இடுப்பில் சுருக்கென்றது. கேன் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது. நான்தான் நிமிர முடியாமல் நின்றேன். மூன்றாம் நாள் வலி பிட்டத்திலிருந்து இறங்கி, காலின் வெளிப்பக்கமாகக் கட்டைவிரல் வரை கம்பி இழுத்த மாதிரி ஓடியது.

“எப்படியும் டாக்டர் ஸ்கேன் கேட்பார். எடுத்துக்கிட்டே போயிடுங்க மாமா” என்றான் மைத்துனன். எடுத்தேன். பணத்தை விடுங்கள், மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீடே கலங்கிப்போனது. எல்3-4, எல்4-5, எல்5-எஸ்1 என்று மூன்று இடத்திலும் ஜவ்வில் ஏதோ கோளாறு. டெசிக்கேஷனாம், டிஃப்யூஸ் பல்ஜாம். அம்மா கேட்டது ஒன்றுதான்: “தண்டுவடமே போச்சாடா?”

டாக்டர் அந்தப் பெரிய கவரைத் தொடவே இல்லை. மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல் வலது காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, கத்திவிட்டேன். கட்டைவிரலைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மேல தூக்குங்க சார், என்னைத் தள்ளுங்க” என்றார். தள்ளினேன். குதிகாலில் நடக்கவிட்டார், நுனிக்காலில் நடக்கவிட்டார், சின்னச் சுத்தியலால் முட்டியையும் கணுக்காலையும் தட்டினார். அப்புறம்தான் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

“டெசிக்கேஷன்னா நீர் வத்துறது. இளநுங்கு முத்துற மாதிரி. அந்த மூணும் கறுப்பாத் தெரியுதே, அது உங்க வயசு. வலது பக்கம் எல்4-5ல பிதுங்கி எல்5 நரம்பைத் தொடுது பாருங்க, உங்க கால்வலி போற பாதை அதுதான். எனக்கு இது ஒண்ணுதான் கணக்கு.”

1994-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பல்ஜ், அதாவது ஜவ்வு உப்பியிருந்தது. எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அந்த 98 பேரில் பலரிடம் என் ரிப்போர்ட் மாதிரியே ஒரு தாளைக் கொடுத்திருந்தால், அன்று ராத்திரியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று போட்டிருந்தது. ஆளைத் தொட்டுப் பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாங்கள் யாரும் அந்த வரி வரைக்கும் போகவில்லை.

பிதுங்கிய ஜவ்வு பெரும்பாலும் தானாகவே சுருங்கும், ஆறு வாரம் பொறுங்கள் என்றார் டாக்டர். கட்டாந்தரையில் அசையாமல் கிடப்பதெல்லாம் பழைய வைத்தியமாம். முடிந்த அளவு நடக்கச் சொன்னார். வலி மாத்திரை சில நாளைக்கு மட்டும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் அதையும் கேட்காமல் போடக்கூடாது. வலி கொஞ்சம் தணிந்ததும் பிசியோ. முதுகுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி கால்வலியைக் கொஞ்ச காலத்துக்குத் தணிக்கும், அவ்வளவுதான்.

ஆபரேஷன்? கத்தி என்றாலே ஓடவும் வேண்டாம், அதைத் தேடிப் போகவும் வேண்டாம். 2007-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் கடுமையான கால்வலிக்காரர்கள் 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. பொறுத்துப் பார்த்தவர்களிலும் 39 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆனாலும் வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். எனக்கு ஐந்தாவது வாரம் கம்பி இழுப்பது நின்றது. கேன் இப்போது மைத்துனன் வேலை.

கிளம்பும்போது டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: சிறுநீர் போக முடியாமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலமிழந்து பாதம் தொய்ந்தாலோ ஆறு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. நடுராத்திரி என்றாலும் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.