கண்டுபிடிச்சாச்சு, சரி. அப்புறம்?

“இலங்கையில் புதிய பூ கண்டுபிடிப்பு, உலகில் வேறெங்கும் இல்லை” என்று ஒரு செய்தி வந்தால் போதும், அன்றைக்கு முகநூல் முழுக்கப் பெருமைதான். அடுத்த நாள் அந்தப் பூவோட பேர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்களுக்குப் பிரச்சினை பூவோட இல்ல, இந்த ஒரு நாள் பெருமையோடதான்.

2020இல் சிங்கராஜக் காட்டில் இருந்து ஒரு சின்ன ஓர்க்கிட்டைப் புது இனமாக அறிவித்தார்கள். கஸ்ட்ரோடியா குணதிலகயோரம் என்று பெயர். அந்தக் காட்டைப் பல்லாண்டு ஆராய்ந்த நிமல், சாவித்ரி குணதிலக தம்பதியைக் கௌரவிக்க வைத்த பெயர். இலை கிடையாது, பச்சையம் கிடையாது. மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சையிடம் சாப்பாடு வாங்கி வாழுது. பூக்கும்போது மட்டும்தான் மேல தலை காட்டும்.

நல்ல விஷயம். ஆனா அது சிங்கராஜ. 1988இலிருந்து உலக மரபுரிமைக் காடு. சட்டம் இருக்கு, காவல் இருக்கு, ஆராய்ச்சியாளர்கள் போய் வர்றாங்க. இது எதுவுமே இல்லாத இடத்தில் பூக்கிற குட்டைச் செடிக்கு என்ன கதி?

ஸ்பிரிங்வெளியில் நின்று நமுனுகுலவைப் பாருங்கள். 2,000 மீற்றரைத் தாண்டிய மலை. கீழே தேயிலை. அதுக்கு முன்னால கோப்பி. அதுக்கும் முன்னால காடும் பத்தனைப் புல்வெளியும். 1873இல் கியூ தாவரத் தோட்டத்து ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். வெள்ளைக்கார அரசாங்கமும் கேட்டது. மேலே இருந்த காடு தப்பிச்சது. கோட்டுக்குக் கீழ இருந்த செடிகள்? பூ என்ன அடி அளந்து பார்த்தா முளைக்குது? ஊவாவில் மிஞ்சின பத்தனைகள் பலவற்றிலும் பிற்காலத்தில் பைன் மரம் நட்டார்கள். “வெறும் புல்லுதானே” என்கிற நினைப்பு. ஊசியிலை மூடின தரையில விரல் உயரச் செடிக்கு இடம் ஏது, வெளிச்சம் ஏது?

இன்றைக்குச் சின்னப் பூக்களுக்கு மிஞ்சியிருப்பது கல்லிடுக்கு, ஓடைக்கரை, ஊற்று கசியும் பாறை, கான் ஓரம். அங்கே தினமும் நடக்கிறவங்க யாரு? மலையில வேலை செய்ற எங்க அம்மாமார்தான். சொரண்டி பிடிச்ச கைக்கு எது களை, எது வல்லாரை, எது வயித்துவலிக்கு என்று தெரியும். அவங்ககிட்ட யாராவது ஒரு தாளை நீட்டி “இதுக்கு என்ன பேரு சொல்றீங்க” என்று கேட்டிருக்காங்களா?

கேட்கவில்லை. கையில் மருந்து டாங்கியைத்தான் கொடுத்தார்கள். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தாங்க. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதிச்சாங்க. அந்த மருந்துக்குப் பச்சையா இருக்கிற எல்லாமே களைதான்.

“தோட்டத்துச் சனத்துக்குச் சோத்துக்கே வழியில்ல, இதுல பூவா?” என்று சிலர் கேட்பார்கள். லயத்துக்குக் குடிதண்ணி எங்கிருந்து வருது? அதே ஊற்றிலிருந்துதான். பூ நிற்கிற ஈரப் பாறையும் நாங்கள் குடிக்கிற தண்ணியும் ஒரே இடம். அங்கே மருந்தடிக்காதே என்று சொன்னால் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கம்பஹாவில் ஒரு மரக் கதை நடந்தது. குருடியா செய்லானிகா. 2012 சிவப்புப் பட்டியலில் அழிந்துபோனது என்று எழுதப்பட்ட மரம், 2019இல் திரும்பக் கண்ணில் பட்டது. 2021இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்டப் போறாங்க என்றதும் நாடே பேசியது. ஏன்? அது இன்ன மரம் என்று தெரிஞ்சிருந்தது, அதனால. பேர் தெரியாத செடி சத்தமில்லாமல் போய்விடும்.

பேர் வைக்கிறதிலும் ஒரு அரசியல் இருக்கு. 2012க்கு முன்னால் புதுச் செடியை லத்தீனில் விவரித்தால்தான் செல்லும். இப்போ ஆங்கிலமும் செல்லும். தமிழும் சிங்களமும் செல்லாது. ஒரு செடி இந்த மண்ணுக்கே உரியது என்று உலகம் ஒத்துக்கொள்ளக் காய்ந்த மாதிரியும் ஒரு கட்டுரையும் போதுது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோன எங்க ஆட்களில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால காகிதத்தில் பேர் இல்லாமல் இருப்பது என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆக, நாங்கள் கேட்பது இதுதான். தோட்டத்துக்குள்ள ஆய்வுக்கு வர்றவங்க, வழிகாட்டின தொழிலாளியின் பேரைக் கட்டுரையில் போடணும். கண்டதைத் தமிழில் ரெண்டு பக்கம் எழுதி எங்க பாடசாலைக்குக் கொடுக்கணும். தோட்ட நிர்வாகம் ஊற்றையும் ஓடைக்கரையையும் மருந்தடிக்காத இடமாக அறிவிக்கணும்.

நாங்களும் சும்மா இருக்கக் கூடாது. அம்மாவிடம், அப்பாயியிடம் கேட்டு, பேரை நோட்டில் எழுதுங்கள். படம் எடுங்கள், பிடுங்காதீர்கள். அரிதான பூ என்றால் சரியான இடத்தை முகநூலில் போடாதீர்கள், பிடுங்கி விற்கிறவனும் அதைத்தான் பார்க்கிறான். பேரே இல்லாத செடி என்றால் நீங்களே ஒரு பேர் வையுங்கள். அதுக்கு எந்த லத்தீனும் தேவையில்லை.