‘சைக்கோ’ என்று எழுதும் முன்

2014 பிப்ரவரி 13 இரவு, சிறுசேரி சிப்காட்டில் வேலை முடித்துக் கிளம்பிய ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. ஒன்பது நாள் கழித்து, 22-ம் தேதி, அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே புதர்க்காட்டில் உடல் கிடைத்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மேற்கு வங்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்திருந்த மூன்று பேர் கைதானார்கள். இதே சம்பவத்தை நம்முடைய திரில்லர் எழுத்தாளர் ஒருவர் கையில் எடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. சிறுவயதில் காயப்பட்ட, அதிபுத்திசாலியான, தனியொரு கொலைகாரன் வந்திருப்பான். சுவர் நிறைய புகைப்படம் ஒட்டிச் சிவப்பு நூலால் இணைக்கும் ஒரு போலீஸ் அதிகாரி வந்திருப்பார். அவன் மனத்தைப் படித்துச் சொல்ல ஒரு மனநல மருத்துவரும் வந்திருப்பார். நிஜத்தில் இவர்கள் யாருமே இல்லை. அந்த மரணத்துக்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை முழுக்கப் பேசப்பட்டது தெருவிளக்கு, இரவு நேர வாகனம், கேமரா, காணவில்லை என்ற புகார் வந்தால் எத்தனை மணி நேரத்தில் தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதெல்லாம்தான். மனத்தின் இருட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. சாலையின் இருட்டைத்தான் பேசினார்கள். அதுதான் பேச வேண்டியதும்.

‘சைக்கோ’ என்ற சொல் நம்மிடம் வந்த வழி முக்கியம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1957-ல் எட் கீன் என்பவர் கைதானார். அந்த வழக்கு வெடித்த இடத்துக்கு அருகில் வசித்த ராபர்ட் பிளாக் 1959-ல் ஒரு நாவல் எழுதினார். மறு ஆண்டே ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். படத்தின் பெயர் உலகம் முழுக்கப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. நிஜ எட் கீன் மனச்சிதைவு நோயாளி என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வாழ்நாளின் மிச்சத்தை மனநல மருத்துவமனையில் கழித்து 1984-ல் இறந்தார். இங்கே நடந்த குழப்பம் என்னவென்றால், இரண்டு வெவ்வேறு விஷயங்கள் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் துரத்துகிறார்கள் என்று நம்புவது ஒன்று. அது சைக்கோசிஸ், சிகிச்சை உள்ள நோய். பிறர் வலி உறைக்காத, குற்றவுணர்வே இல்லாத சுபாவம் வேறொன்று. அதைத்தான் சைக்கோபதி என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குத் தான் செய்வது என்னவென்று நன்றாகத் தெரியும். முதல் வகையினர் பெரும்பாலும் பிறரால் அடிபடுகிறவர்கள், ஏமாற்றப்படுகிறவர்கள். இரண்டையும் சேர்த்து ‘சைக்கோ’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

தமிழ்த் திரையில் இந்த வகைக் கதைக்கு நல்ல பரம்பரை உண்டு. 1978-ல் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980-ல் ‘மூடுபனி’, 2001-ல் ‘ஆளவந்தான்’, பிறகு ‘வேட்டையாடு விளையாடு’, ‘நடுநிசி நாய்கள்’, ‘ராட்சசன்’, மிஷ்கினின் ‘சைக்கோ’, 2023-ல் ‘போர் தொழில்’. இவற்றில் சில கலையாகவே உயர்ந்தவை. அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உறுப்பு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: பிளாஷ்பேக். படத்தின் முக்கால் பாகம் தாண்டியதும் கொலைகாரனின் பாலியத்துக்குப் போகிறோம். அங்கே ஒரு சித்தி, அல்லது ஓர் ஆசிரியை, அல்லது கேலி செய்த ஒரு சிறுமி காத்திருக்கிறாள். ‘ராட்சச’னில் உடலை முதுமையாக்கும் ஓர் அபூர்வ நோயே கொடூரத்தின் வேராகிவிடுகிறது. கால்மணி நேரத்தில் காரணம் கிடைத்துவிடுகிறது, நமக்கும் திருப்தியாகிவிடுகிறது. ஆனால் சிறுவயதில் அடிபட்டு, அவமானப்பட்டு வளர்ந்த லட்சக்கணக்கான பேர் இந்த ஊரில் ஆசிரியர்களாகவும் தாய்மார்களாகவும் ஓட்டுநர்களாகவும் நிம்மதியாக வாழ்கிறார்களே, அவர்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? அந்தக் கால்மணி நேரம் அவர்களுக்குச் செய்யும் அநியாயத்தை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

நிஜமான தடயவியல் மனநல மருத்துவம் இப்படி வேட்டையாடாது. நீதிமன்றம் அனுப்பிய ஒருவரை மருத்துவமனையில் சில நாட்கள் வைத்துக் கவனிக்கிறார்கள். இன்று என்ன கிழமை, ராத்திரி தூங்கினாயா, சாப்பாட்டில் யாராவது ஏதாவது கலந்துவிட்டதாகத் தோன்றுகிறதா, உன் மேல் என்ன வழக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் உன் வக்கீலா அரசு வக்கீலா என்று கேட்கிறார்கள். இரவுப் பணிச் செவிலியர், அவர் தானாகப் பேசிக்கொண்டாரா, போர்த்திக்கொண்டு தூங்கினாரா என்று நோட்டில் எழுதிவைக்கிறார். பார்க்க அலுப்பான வேலை. ஆனால் ஒரு மனிதனின் தலையெழுத்து அந்த நோட்டில் இருக்கலாம். சட்டம் கேட்கும் கேள்வியும் குறுகலானது. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு: செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநலக் குறைவால், செய்வது இன்னது என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா? நோய் இருப்பது மட்டும் போதாது, அந்த நேரத்தில் அறியும் திறன் போயிருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம்சாட்டப்பட்டவருடையது.

நிதானமான இந்த வேலைக்கு நிஜ வழக்கில் என்ன இடம் கிடைக்கிறது என்று பார்க்கச் செங்கல்பட்டுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் சென்னை முகலிவாக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். தமிழ்நாடே கொதித்தது, கொதித்ததில் தவறில்லை. அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த ஓர் இளைஞர் கைதானார், ‘சைக்கோ’ என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி, அதே நாளில் தூக்குத் தண்டனையும் விதித்தது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலைக்குக் காரணம் மனநோய் அல்ல. ஆதாரச் சங்கிலி அறுந்திருந்தது. கூடவே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டிய இன்னொரு பகுதியைத்தான் நாம் பலமுறை படிக்க வேண்டும்: குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வழக்கறிஞர் இல்லை, தண்டனை பற்றி வாதிடப் போதிய அவகாசம் இல்லை, அவருடைய வாழ்க்கைச் சூழல், மனநிலை, சிறை நடத்தை பற்றிய அறிக்கை எதுவும் கேட்டு வாங்கப்படவில்லை. திரையில் எந்தக் கொலைகாரனுக்கும் கால்மணி நேர முன்கதை உண்டு. உயிர் போகும் நிஜ வழக்கில், சட்டம் அனுமதித்த முன்கதையைக் கேட்க ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. அந்த அவசரத்தில் யாருக்கு நியாயம் கிடைத்தது? எட்டு ஆண்டுக்குப் பிறகும் தன் மகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் இல்லாமல் ஒரு குடும்பம் நிற்கிறது. தூக்குத் தண்டனை தருமுன் குற்றவாளி திருந்த வழியுண்டா என்று பார்க்கவேண்டும் என்று 1980-லேயே பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கு மனநல மதிப்பீடு வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் தெளிவாகவே வகுத்தும் கொடுத்துவிட்டது.

கதை கதைதானே, பார்ப்பவருக்குத் தெரியாதா என்பார்கள். படம் பார்த்துக் கொலை செய்கிறார்கள் என்ற வாதத்தை நான் வைக்கவில்லை. 1984-ல் சென்னையில் ஒன்பது பேரைக் கொன்ற ஒருவர் ‘நூறாவது நாள்’ படத்தைக் காரணம் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். குற்றவாளி சொல்லும் சாக்கை நாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. என் கவலை பார்வையாளரில் ஆயிரத்தில் ஒருவராக இருக்கக்கூடிய கொலைகாரனைப் பற்றியது அல்ல, மீதியுள்ள தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றியது. போலீஸ்காரரும் நிருபரும் அரசு வக்கீலும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கைதான அன்றே ‘சைக்கோ சிக்கினான்’ என்று தலைப்பு வந்துவிட்டால், ஆதாரம் சேகரிப்பதில் நிதானம் எங்கிருந்து வரும்?

தொடர் கொலைகாரர்கள் நிஜமாகவே இருக்கிறார்களே என்ற மறுப்பு வலுவானது. கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்கும் திருவான்மியூரிலேயே ஆட்டோ சங்கர் இருந்தார். ஆறு கொலைகளுக்காக 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அந்த வழக்கைத் திறந்து பார்த்தால் கிடைப்பது மனநோய்ப் புதிர் அல்ல. கள்ளச்சாராயம், பாலியல் தொழில், அதற்குக் கிடைத்த பாதுகாப்பு. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையில் உயரதிகாரிகள் சிலருடனான தொடர்பு பற்றிய குற்றச்சாட்டுகள் இருந்தன. அதை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்கச் சிறைத்துறை முயன்று, உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-ல் முன்கூட்டித் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்ற புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. ஆட்டோ சங்கரை ‘சைக்கோ’ ஆக்கிவிட்டால் அந்தக் குற்றச்சாட்டுகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்.

மனநோயைக் காட்டித் தப்பிக்க விடலாமா என்ற கோபமும் எழுகிறது. தப்பிக்க முடியாது. அந்தக் காரணத்தால் விடுதலையானவரைச் சட்டம் பாதுகாப்பான காவலில் வைக்கிறது. இல்லையென்றால், அவரால் தீங்கு வராது என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் உறவினரிடம் ஒப்படைக்கிறது.

இந்தச் சொல்லின் சுமையைக் கடைசியில் சுமப்பவர்கள் நோயாளிகள். சிறுசேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில், கோவளத்தில், ‘தி பேனியன்’ அமைப்பின் உதவியோடு கடுமையான மனநோயிலிருந்து மீண்டுவரும் பெண்கள் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துச் சேர்ந்து வாழ்கிறார்கள். மீன் வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டோடு பேசுகிறார்கள். அவர்களுக்கு வீடு தர ஒரு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் நம் கதைகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அரித்துவிடுகின்றன. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலக் குறை இருக்கிறது. வெவ்வேறு நோய்களில் 70 முதல் 92 விழுக்காடு பேர் வரை சிகிச்சைக்கே வருவதில்லை. ‘சைக்கோ’ என்று கூப்பிடுவார்களோ என்று பயந்து வீட்டில் ஒளித்துவைக்கும் குடும்பங்களும் அதில் அடக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 நோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டதும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான்.

ஆகவே பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மருத்துவ அறிக்கையும் நீதிமன்றத் தீர்ப்பும் வரும்வரை ‘சைக்கோ’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்காதீர்கள், வந்த பிறகும் நோயின் பெயரைச் சொல்லுங்கள், வசவு வேண்டாம். கதை எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சிறுசேரியிலிருந்து செங்கல்பட்டு ஒரு மணி நேரப் பயணம். அடுத்த கொலைகாரனுக்கு முன்கதை எழுதுமுன் ஒரு நாள் அங்கே போய், ஒரு கொலை வழக்கில் மருத்துவர் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்வதைக் கேளுங்கள். மூடிய அறையில் நடக்கவேண்டிய வழக்குகள் தவிர, செஷன்ஸ் நீதிமன்ற விசாரணையை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.