லேப்டாப்பே போட்டுத் தரும் ரகசிய எண்!

பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்தால் பாஸ்வேர்டு ரெடி என்று நினைப்பவரா நீங்கள்? உங்களைத் தெரிந்தவர்கள் அதைச் சுலபமாக யூகித்துவிடுவார்கள்.

காரிமங்கலம் முதல் கன்னியாகுமரி வரை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2011-ல் தரத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. எந்த லினக்ஸாக இருந்தாலும், நெட் இல்லாமலே ரகசிய எண் உருவாக்கலாம்.

கீபோர்டு தட்டும்போது ஏற்படும் நுண்ணிய நேர வித்தியாசம் போன்றவற்றை லினக்ஸ் சேகரிக்கிறது. அதை வைத்து 'யூரேண்டம்' தாறுமாறான எண்களைத் தரும். டெர்மினலில் 'ஹெட்' கட்டளை அதிலிருந்து 16 பைட்டுகளை எடுக்கும். 'ஓடி' அவற்றை 32 இலக்கப் பதினறும எண்ணாக்கும். 'டிஆர்' இடைவெளிகளை நீக்கும்.

பதினறும எண்ணில் 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் 16 குறிகள். 4 இலக்க ஏடிஎம் பின்னுக்கு 10,000 வாய்ப்புகள்தான். 8 இலக்கப் பதினறும எண்ணுக்கோ 429 கோடிக்கும் மேல்!

எண் தாறுமாறாக இல்லாவிட்டால் ஆபத்து. டெபியன் லினக்ஸில் 2006-ல் நிரலை மாற்றியபோது நேர்ந்த தவறால், ரகசியச் சாவிகள் வகைக்குச் சுமார் 32,000 ஆகச் சுருங்கின. அது தெரியவந்தது 2008-ல்தான்!

உருவாக்கிய எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.