வடையைப் பாராட்டும் வரைபடம்

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று கூடிப் புத்தகம் பேசுவது எங்கள் வழக்கம். பேச்சு முடிந்ததும் மெதுவடையும் தேநீரும் உண்டு. சிலர் அதற்காகவே வருகிறார்களோ என்ற ஐயம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. சென்ற கோடையில் நடந்த ஒரு கூடுகையில் வடை மிஞ்சிவிட்டது. எங்களுள் நால்வர், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை ஒன்றை மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தனர். அன்று விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட நாவல் பாதியிலேயே நின்றுபோயிற்று. நால்வரும் கைபேசியை நீட்டி, அவரவர் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தனர்.

அந்நால்வருள் ஒருவருக்கு மட்டுமே நீரிழிவு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். மற்ற மூவருக்கும் அந்நோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் கருத்து முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கருவியின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். வில்லையின் அடியில் மயிரிழை போன்ற நுண்கம்பி ஒன்று தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கும். அதன்மேல் பூசப்பட்ட நொதி குளுக்கோஸுடன் வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. லேலண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்த நொதி மின்முனையின் வழித்தோன்றல் இது. ஆனால் இது அளப்பது இரத்தத்தை அன்று. உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரை. இரத்தத்தில் நிகழ்ந்தது அங்கே தெரியவர ஐந்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஆகும். நாம் படிப்பது சற்று முந்தைய செய்தித்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இக்கருவியின் மூதாதையைத் தேடினால் ஒரு நோயாளியின் பிடிவாதத்தில் சென்று நிற்போம். நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளருக்கு 1946இல், 12 வயதில், முதல்வகை நீரிழிவு வந்தது. முப்பதுகளின் நடுவிலேயே அதன் விளைவுகள் உடலைத் தாக்கத் தொடங்கின. 1969 வாக்கில், ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு ஒரு நிமிடத்தில் சர்க்கரையை அளக்கும் கருவியின் விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மருத்துவமனைக்கு மயங்கிய நிலையில் கொண்டுவரப்படுபவர் குடித்தவரா, நீரிழிவால் மயங்கியவரா என்று இரவுப் பணியாளர் கண்டறிவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. எடை 3 பவுண்டு, விலை 650 டாலர். மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே விற்பார்கள், நோயாளிக்குக் கிடையாது. அவருடைய மனைவி மருத்துவராக இருந்தது நல்லதாயிற்று. அவர் பெயரில் வாங்கினார்கள்.

நாளுக்கு ஐந்து முறை விரலைக் குத்தி அளந்து பார்த்தபோது, தம் சர்க்கரை ஒரே நாளில் மலையேறி மடுவில் விழுவதை அவர் கண்டார். உணவையும் இன்சுலினையும் சிறிது சிறிதாக மாற்றி அதைச் சமப்படுத்தினார். அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பியபோது மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. எழுதியவர் மருத்துவர் அல்லரே! ஆகவே 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து மருத்துவராகவே ஆனார். 1993இல், 1,441 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட டிசிசிடி ஆய்வு, முதல்வகை நீரிழிவில் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சேதம் பெரிதும் குறையும் என்பதை ஐயமற நிறுவியது. பெர்ன்ஸ்டைன் 2025 ஏப்ரலில், 90ஆவது வயதில் மறைந்தார். மாச்சத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கும் அவருடைய கடும் உணவுமுறையை எல்லோருக்கும் பரிந்துரைக்க நாம் துணியமாட்டோம். ஆனால் தன் உடலைத் தானே படிக்கும் உரிமையை நோயாளிக்குப் பெற்றுத் தந்தவர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எங்கள் குழுவில் தோழி ஒருவர் இருக்கிறார். அவர் மகளுக்கு ஆறு வயதில் முதல்வகை நீரிழிவு வந்தது, இப்போது பதின்மூன்று. வில்லை வருவதற்கு முன் ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, உறங்கும் குழந்தையின் விரலைக் குத்திப் பார்ப்பாராம். இன்சுலின் சற்றே மிகுந்துவிட்டால் உறக்கத்திலேயே சர்க்கரை விழுந்து வலிப்பு வரலாம்; உயிரும் போகலாம். இப்போது 70க்குக் கீழே இறங்கினால் கைபேசி அலறுகிறது. அலறாத இரவுகளில் அவர் உறங்குகிறார். ஏழாண்டுகளில் இழந்த உறக்கத்தைக் கணக்கிட முடியாது என்று அவர் சொன்னபோது, வில்லை ஒட்டியிருந்த மற்ற மூவரும் தத்தம் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டதை நாங்கள் கண்டோம்.

அம்மூவரின் கதைக்கு வருவோம். வங்கியில் பணிபுரியும் நண்பர் விடியற்காலை ஆறு மணிக்கு, எதுவும் உண்ணாத வயிற்றில், 118ஐக் கண்டு நடுங்கிப்போனார். விழிக்கும் வேளையில் கல்லீரல் தானே குளுக்கோஸை வெளியிடும் என்பது அவருக்குத் தெரியாது. மற்றோர் இரவு மூன்று மணிக்குக் கைபேசி 54 என்று அலறியது. துணைவியார் பதறிக் கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரை இரண்டு தம்ளர் குடித்தார். அதன்பின் அது 190 காட்டியது. கையை அழுத்தியபடி ஒருக்களித்துப் படுத்தால் வில்லை பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதைத் தோழிதான் பின்னர் விளக்கினார். அவர் வீட்டில் அது அன்றாடப் பாடம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முறையாகவே சோதனை செய்தார். ஒரு காலை நான்கு இட்லியும் சாம்பாரும். மறுநாள் அதே நேரம் நான்கு மெதுவடை. இட்லிக்கு 168 வரை ஏறிய கோடு, வடைக்கு 121ஐத் தாண்டவில்லை. வடையில் மாச்சத்து குறைவு. பருப்பின் புரதமும் எண்ணெயும் இரைப்பை காலியாவதைத் தாமதிக்கச் செய்கின்றன. ஆகவே கோடு தட்டையாகிறது. ஆவியில் வெந்த இட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, எண்ணெயில் மிதந்த வடையை இக்கருவி பாராட்டிற்று! ‘அடுத்த கூட்டத்தில் எனக்கு ஆறு வடை’ என்று அவர் அறிவித்ததை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம். எனினும் தட்டையான கோடே ஆரோக்கியம் என்று நம்புகிற ஒருவர் இவ்வழியில் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. எண்ணெயையும் உப்பையும் அவ்வில்லை அறியாது. நாளை நம் இரத்தக்குழாயில் படியப்போகும் கொழுப்பையும் அறியாது. ஒரேயொரு சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு நூல் முழுவதையும் படித்துவிட்டதாகக் கூறும் விமர்சகரை நாம் அறிவோம் அல்லவா?

‘ஒவ்வொருவர் உடலும் வேறு; உங்களுக்கான உணவை இக்கருவி சொல்லும்’ என்பது விற்பவர்கள் கூறும் வாதம். இதற்கு ஓர் அறிவியல் பின்னணி உண்டு. இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தினர் 800 பேருக்குச் சென்சார் பொருத்தி, ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை வேறுபடுகிறது என்று 2015இல் காட்டினர். உண்மைதான். ஆனால் ஒரே ஆள் ஒரே உணவை வேறொரு நாளில் உண்டால்? அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் முதலியோர் செய்த ஆய்வில், நீரிழிவு இல்லாத ஒருவருக்கே அதே உணவு மறுமுறை கொடுக்கப்பட்டபோதும் அளவுகள் பெரிதும் மாறின. முன்னிரவு உறக்கம், நடை, கவலை, முந்தைய வேளை உணவு என்று எத்தனையோ காரணங்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. ஒருநாள் கோட்டைப் பார்த்து ஓர் உணவைத் தள்ளிவைப்பதற்கு இது போதாது. நீரிழிவற்ற 153 பேரிடம் எடுக்கப்பட்டு 2019இல் வெளிவந்த அளவீட்டிலும், நலமாக இருப்பவர்களே நாளில் சுமார் அரைமணி நேரம் 140க்கு மேலே இருந்தனர். உண்டபின் சர்க்கரை ஏறுவது உடல் வேலை செய்வதன் அடையாளம்.

எண்ணைத் துரத்துவதில் இடரும் உண்டு. இதயநோய் ஆபத்து மிகுந்த இரண்டாம்வகை நீரிழிவாளர்களின் சர்க்கரையை மருந்துகளால் இயல்பளவுக்கே இறக்க முயன்ற அக்கார்டு ஆய்வு, அவ்வாறு இறக்கப்பட்டவர்களிடையே இறப்பு மிகுந்ததால் 2008இல் அப்பகுதியை நிறுத்த நேர்ந்தது.

இவ்வளவு சொன்னபின், மாத்திரை உண்ணும் எங்கள் நண்பரின் அனுபவத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. பதினான்கு நாள்களில் அவர் கற்றதை இருபதாண்டுகளாக எந்த மருத்துவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் சர்க்கரை ஏறாது என்ற நம் ஊர் நம்பிக்கையில் அவர் தினமும் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவந்தார். கோடு 230ஐத் தொட்டது. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய எந்தத் தானியமும் விரைவில் செரித்துவிடும் என்பதை அவர் கண்ணால் கண்டார். பொரியலையும் கூட்டையும் சுண்டலையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் அளவாக உண்டபோது ஏற்றம் குறைந்தது. காய்கறியையும் புரதத்தையும் முன்னே உண்பதன் பயனை நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவர்கள் சிலரிடம் சோதித்து 2015இல் எழுதியிருக்கின்றனர். உண்டபின் இருபது நிமிடம் தெருவில் நடந்ததும் அவருக்கு உதவியது. இப்போது அவர் வில்லை அணிவதில்லை. நடையும் வரிசையும் மட்டும் தொடர்கின்றன. நீரிழிவாளர் ஒருவர் இரண்டு வாரம் அணிந்து, மருத்துவரோடு அமர்ந்து அதைப் படித்துவிட்டுக் கழற்றிவைப்பதே சரியான பயன்பாடு என்று நமக்குத் தோன்றுகிறது.

சந்தை வேறு திசையில் செல்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், மருந்துச் சீட்டின்றி வாங்கக்கூடிய முதல் சென்சாருக்கு ஒப்புதல் தந்தது. அது இன்சுலின் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு மட்டுமே உரியது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் எச்சரிக்கும் வேலைக்காக அது வடிவமைக்கப்படவில்லை. அதாவது, எவருக்கு இக்கருவி உயிர்க்காவலோ அவரை விலக்கிவிட்டு மற்றவர்களுக்காக ஒரு வில்லை. (தோலைக் குத்தாமலே சர்க்கரை சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களைப் பற்றி ஒரு சொல்: அவற்றுள் எதற்கும் ஒப்புதல் தரப்படவில்லை என்று அதே நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வாங்கி ஏமாறவேண்டாம்.)

நாங்கள் வாங்கிய வில்லை ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாதத்துக்கு இரண்டு வேண்டும். பிரிட்டனில் 2022 முதல் முதல்வகை நீரிழிவுள்ள வயதுவந்தோர் அனைவருக்கும் இதனை அரசு மருத்துவத்தின் வழியே அளிக்கப் பரிந்துரை இருக்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளிவந்த, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு கூறுகிறது. அத்தனை பேருக்கும் வில்லை என்று நாம் கேட்கவில்லை. இன்சுலினின்றி உயிர்வாழ முடியாத குழந்தைகளுக்கும் இளையோருக்கும் அரசு அதைத் தரவேண்டும் என்றுதான் கேட்கிறோம். ஆகஸ்ட் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவர முடிந்த தமிழகத்தில், இது எட்டாக் கனியாக இருக்கவேண்டியதில்லை.

தோழி தம் மகளுக்கு மாதத்தில் ஒரு வில்லைதான் வாங்குகிறார். எஞ்சிய இரண்டு வாரமும் பழையபடி இரவு இரண்டு மணி அலாரம். தமிழாசிரியர் தமக்கென வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த இரண்டாவது பெட்டியை அடுத்த கூடுகைக்குக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் அவர் பையில் வைத்துவிட்டு வடைத் தட்டின் பக்கம் போய்விட்டார்.