பழைய மீட்டரும் நேர்மையும்

பழைய பொருளைப் பயன்படுத்துவது சிக்கனம். ஆனால் அது இன்னதென்று அறியாமல் பயன்படுத்துவது சிக்கனமன்று, ஆபத்து. சென்ற விடுமுறையில் என் மாமாவின் பழைய மாரிஸ் கார் எனக்கு இதை உணர்த்தியது.

அந்தக் காரின் வேகமானி கண்ணாடி உடைந்து, எழுத்துகளும் உரிந்து, ஓடாமல் நின்றுவிட்டது. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் அதே உருவில் ஒரு ஸ்மித்ஸ் மீட்டர் கிடைத்தது. "இதையே மாட்டிரலாங்க" என்றார் மெக்கானிக். டயலின் அடியில் பொடி எழுத்தில் 1600 என்றிருந்ததை நான் கவனித்தேன். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றினால் மீட்டர் சரியாகக் காட்டும் என்பதே அந்த எண்.

வேகமானியின் தத்துவம் நாம் வகுப்பில் படித்ததுதான். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதை மூடிய உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றிக் கிண்ணத்தைத் திருப்புகிறது. மெல்லிய சுருள்வில் அதை இழுத்துப் பிடிக்கிறது. கிண்ணத்தோடு முள் நகர்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

எங்கள் காருக்கு உரிய எண் எது? கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உட்கம்பியின் நுனியில் ஓர் அட்டை முள்ளைச் செருகினோம். கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஆறு சுற்றுச் சுற்றும்வரை காரை நேராகத் தள்ளினோம். கம்பி ஒன்பதே அரைக்கால் சுற்றுச் சுற்றியது. சக்கர மையத்திலிருந்து தரைவரை 12 அங்குலம். கம்பியின் சுற்றை 1680-ஆல் பெருக்கி அந்த அங்குலத்தால் வகுத்தால், ஏறத்தாழ 1280 வந்தது.

1600 மீட்டரை மாட்டியிருந்தால் கார் 50 மைல் வேகத்தில் போகும்போது முள் 40-ஐத்தான் காட்டியிருக்கும்! மைல் டயலைக் கிலோமீட்டர் என்று எண்ணினாலோ தவறு இன்னும் பெரிது; 40 மைல் என்பது 64 கிலோமீட்டர் அல்லவா? உருவம் ஒத்திருப்பதாலேயே ஒன்று பொருந்திவிடுமா?

மீட்டரைத் திருப்பிக் கொடுத்து, 1280 எண்ணுள்ள இன்னொன்றை வாங்கினோம். அப்போதுதான் வேறொரு சோதனை வந்தது. பழைய மீட்டர் 81,000 மைலைத் தாண்டியிருந்தது. புதிதாக வாங்கியதோ 23,000-ஐத்தான் காட்டியது. "அப்படியே இருக்கட்டும், விக்கறப்ப நல்ல வெலை போகும்" என்றார் மாமாவின் நண்பர்.

"ஏனுங்க மாமா, வாங்கறவர் நம்மளை நம்பித்தானுங்களே வாங்குவாரு?" என்றேன். மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மாப்ளே, ரெண்டு நெம்பரையும் தேதியோட நோட்டுல எழுதி வண்டியிலயே வச்சுரு" என்றார். அன்று அவர்மீது எனக்கிருந்த மதிப்பு இருமடங்காயிற்று.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியாததன்று. நிட்டிங் மெஷினில் சுற்று எண்ணும் கவுண்டர் தவறினால் துணி ரோல் ஒன்றுபோல் வருமா? பனியன் கம்பெனியின் வேஸ்ட் துணிகூட ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் பயன்படும் ஊர் இது. எதையும் வீணாக்காத நமக்கு, எதையும் சோதித்தறியும் பழக்கமும் வேண்டும்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றவர். கோவையில் அவர் பெயரால் கார் அருங்காட்சியகமே இருக்கிறது. நாமோ சுழல் மின்னோட்டத்தைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்கிறோம்!

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பழைய வேகமானி ஒன்றைத் திறந்து வைத்தால் என்ன? இருளில் ஒளிரும் மிகப் பழைய டயல்களை மட்டும் தவிர்க்க வேண்டும். அவற்றின் பூச்சில் ரேடியம் இருக்கலாம், சுரண்டக் கூடாது. பேராசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பழையதைப் போற்றுவோம், ஆனால் எண்ணைப் படித்து, அளந்து பார்த்து, உண்மையை எழுதிவைத்துப் போற்றுவோம்!