சைபர் செஞ்ச சதி!

ஆபீஸ் அசிஸ்டென்ட் வேலைன்னா என்ன நினைக்கிறீங்க? டைப் அடிக்கணும், ஃபோன் எடுக்கணும், ஜெராக்ஸ் போடணும், முதலாளி வந்தா எழுந்து நிக்கணும்... அவ்வளவுதானே? போன வருஷ லீவு வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன் மக்கா. ‘இன்ஜினீயரிங் படிக்கிற நமக்கு இதெல்லாம் ஒரு வேலையா?’ன்னு கெத்து வேற!

செமஸ்டர் லீவுல குழித்துறைப் பக்கம் ஒரு அண்டியாபீஸுக்குப் போனேன். வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு விளக்கம்: முந்திரிக்கொட்டையை உடைச்சு, தோல் நீக்கி, தரம் பிரிக்கிற ஆலைக்கு எங்க விளவங்கோடு, கல்குளம் பக்கத்துல அண்டியாபீஸ்னுதான் பேர். பேர்லதான் ஆபீஸ். உள்ளே இருக்கறவங்க பெரும்பாலும் பெண்கள். முந்திரித் தோட்டுப் பால் பட்டுப்பட்டு விரல் எல்லாம் கறுத்துப் போயிருக்கும். நிஜமான ஆபீஸ் ஓரத்துல ஒரு சின்ன ரூம்: ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, ஒரு கணக்கு அக்கா. அந்த அக்காவுக்கு உதவியாளா நான்.

ஜூன் முதல் வாரம். ஸ்கூல் திறக்குற நேரம். அந்த வாரக் கூலியை எல்லாரும் எதிர்பார்த்துட்டு இருந்தாங்க. 62 பேரோட பேங்க் அக்கவுன்ட் நம்பரைப் புதுசா எக்ஸெல்ல ஏத்தச் சொன்னாங்க அக்கா. அரை மணி நேரத்துல அடிச்சு முடிச்சேன். “சரிபாத்தியா மக்ளே?”ன்னு கேட்டாங்க. “பாத்தாச்சுக்கா!”ன்னேன். பார்க்கல. லிஸ்ட் பேங்குக்குப் போயிடுச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் 11 பேருக்குப் பணம் ஏறல. அக்கா லிஸ்ட்டைத் திறந்து ஒரு நிமிஷம்தான் பார்த்தாங்க. “இதென்ன, இந்த நம்பர் எல்லாம் சைபர்லயே முடியுது? நீ படிச்ச பிள்ளையல்லா?”

விஷயம் இதுதான். எக்ஸெல்ல ஒரு எண்ணை எண்ணாவே அடிச்சா அது 15 இலக்கம் வரைதான் ஞாபகம் வச்சுக்கும். 16-வது இலக்கத்தைச் சத்தமே இல்லாம சைபர் ஆக்கிடும். அந்த லிஸ்ட்ல 12 பேருக்கு 16 இலக்க அக்கவுன்ட். அதுல ஒருத்தரோட நம்பர் நிஜமாவே சைபர்ல முடியும், அவங்க தப்பிச்சாங்க. மத்த 11 பேர் என்னால மாட்டினாங்க. கம்ப்யூட்டர்ல பெரிய எண்களை எப்படிச் சேமிக்கிறாங்கன்னு நான் பரீட்சையில ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கினவன். அதுதான் கொடுமை!

அக்கா திட்டல. “அந்த 11 பேருக்கும் நீயே ஃபோன் போட்டுச் சொல்லு”ன்னாங்க. அதுக்கு நாலு அடி அடிச்சிருக்கலாம். ஒருத்தங்க கேட்டது இன்னும் காதுல இருக்கு: “அப்போ திங்கக்கிழமை பிள்ளைக்கு நோட்டு வாங்க என்ன செய்யட்டு?”

அந்த ஒண்ணரை மாசத்துல அக்காகிட்ட கத்துக்கிட்டதும், பட்டுக் கத்துக்கிட்டதும் கீழே. நம்ம செட்டுல எத்தனை பேர் குரூப் 4-க்குப் படிக்கிறோம்! பத்தாவது போதும்ங்கற அந்தப் பரீட்சைக்கு டிகிரி முடிச்சவங்களும்தான் வரிசையில நிக்கிறாங்க. பாஸானா இளநிலை உதவியாளர் நாற்காலி. கம்பெனியில சேர்ந்தாலும் முதல் வருஷம் இந்த வேலை கொஞ்சமாவது பார்த்துத்தான் ஆகணும். அதனால கட் பண்ணி வச்சுக்கோங்க.

1. அக்கவுன்ட் நம்பர், ஆதார், பி.எஃப். நம்பர், ஃபோன் நம்பர்... இதையெல்லாம் யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்ல. அதனால அது எண் இல்ல, எழுத்து! அடிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை முழுசா செலக்ட் பண்ணி ‘டெக்ஸ்ட்’னு மாத்திடுங்க. அடிச்ச பிறகு மாத்தினா தொலைஞ்ச இலக்கம் திரும்ப வராது. முன்னால 0 வர்ற அக்கவுன்ட் நம்பர் சில பேங்க்ல உண்டு. எண்ணா அடிச்சா அந்த 0 காணாமப் போயிடும்.

2. ஒருத்தர் பாஸ்புக்கைப் பார்த்து வாசிக்கணும், இன்னொருத்தர் ஸ்க்ரீனைப் பார்க்கணும். நாலு நாலு இலக்கமா நிறுத்தி வாசிங்க. அடிச்சவரே சரிபார்த்தா தப்பு கண்ணுல படாது. மனசு சரியானதைத்தான் வாசிக்கும். 62 பேருக்கு 20 நிமிஷம் ஆகும். அந்த 20 நிமிஷத்தைத்தான் நான் மிச்சம் பிடிச்சேன்! இன்னொண்ணு: நெஃப்ட்ல பணம் அக்கவுன்ட் நம்பரைப் பார்த்துத்தான் ஏறும், பேரைப் பார்த்து இல்ல. பணம் திரும்பி வந்தா நம்ம அதிர்ஷ்டம். அந்தத் தப்பு நம்பர் வேற யாருக்காவது இருந்திருந்தா? பணம் அனுப்பறதுக்கு முன்னால அக்கவுன்ட்காரர் பேரைக் காட்டுற வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள்ள தரணும்னு ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்குச் சொன்னது. அதைப் பயன்படுத்துங்க.

3. பேரைக் காதால கேட்டு எழுதாதீங்க, தாளைப் பார்த்து எழுதுங்க. எங்க மாவட்டத்துல ஒரே ஆலையில மூணு மேரி ஸ்டெல்லா, ரெண்டு சுசீலா சர்வசாதாரணம். ஜேசுதாஸா, ஏசுதாஸா? இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா? அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா? ஆதார்ல ஒரு மாதிரி, பி.எஃப்.ல ஒரு மாதிரி இருந்தா, 20 வருஷம் கழிச்சு அந்தம்மா பணத்தை எடுக்கப் போறப்ப அலைய விடுவாங்க. அன்னைக்கு நீங்க அங்க இருக்க மாட்டீங்க!

4. வந்த தாளுக்கு அன்னைக்கே தேதி சீல், அன்னைக்கே பதிவேட்டுல நம்பர். ‘நாளைக்குப் போட்டுக்கலாம்’னு டிராயருக்குள்ள போன தாள் தீபாவளிக்கு வெள்ளை அடிக்கறப்பதான் வெளியே வரும். அரசு ஆபீஸ்னா இன்னும் கவனம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி மனு வந்து 30 நாளைக்குள்ள பதில் போகணும். வேற ஆபீஸ் சம்பந்தப்பட்டதா இருந்தா 5 நாளைக்குள்ள அங்க அனுப்பணும். தாமதமானா தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். இந்தக் கணக்கு எல்லாம் தொடங்கறது உங்க தேதி சீல்லதான்.

5. ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது வருஷம், மாசம், தேதிங்கற வரிசையில தொடங்குங்க. உதாரணம்: ‘2025-06-07 கூலி’. தானா வரிசையில நிக்கும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’னு வச்சா எது கடைசின்னு உங்களுக்கே தெரியாது.

6. இது எங்க மாவட்டத்துக்குன்னே ஸ்பெஷல்! 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னால இது திருவிதாங்கூர் பகுதி. அந்தக் காலத்துப் பத்திரம் மலையாளத்துல இருக்கும். வருஷம் கொல்லம் ஆண்டுல இருக்கும். வக்கீல் ஆபீஸ், பத்திர ஆபீஸ், தாலுகா ஆபீஸ்னு எங்க உட்கார்ந்தாலும் அது உங்க மேஜைக்கு வரும். கொல்லம் வருஷம் ஆவணியில பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் 824 கூட்டணும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. 1116 ஆவணின்னா 1940. அதே 1116 தைன்னா 1941. மாசத்தைப் பார்க்காம கூட்டினா ஒரு வருஷம் தப்பிடும். சந்தேகம்னா மூலத்துல உள்ளதையும் பக்கத்துல அப்படியே எழுதி வைங்க.

7. ஃபோன்ல யாராவது ஏதாவது கேட்டா பேர், நம்பர், நேரம், நாம என்ன சொன்னோம்... நாலும் நோட்டுல இருக்கணும். ‘பாத்துச் சொல்றேன்’னா பாத்துச் சொல்லணும். பதில் கிடைக்கலைன்னா ‘இன்னும் கிடைக்கல’ன்னாவது கூப்பிட்டுச் சொல்லணும்.

8. தப்பு நடந்துட்டா மறைக்காதீங்க. தெரிஞ்ச உடனே மேல உள்ளவங்ககிட்ட சொல்லுங்க. எப்படி நடந்ததுன்னு ஒரு வரி, எப்படிச் சரிபண்ணலாம்னு ஒரு வரி போதும். சிஸ்டம் தப்பு, பேங்க் தப்புன்னு கதை விட்டா அந்த நேரமும் வீண்தான்.

அந்த 11 பேருக்கும் திங்கக்கிழமை பணம் ஏறிடுச்சு. அதுல ஒருத்தங்க எங்க தெரு மாமி. ஞாயித்துக்கிழமையே அவங்க வீட்டுக்குப் போய், “மாமி, தப்பா அடிச்சது நான்தான்”னு நின்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க: “எட்டு மணி நேரம் குத்த வச்சிருந்து தோலு எடுத்த காசு மக்ளே. அடுத்த தடவ ஒழுங்கா அடி, கேட்டியா?”

அடுத்த சனிக்கிழமை லிஸ்ட் போனப்ப 62 நம்பரையும் நான் வாசிச்சேன், அக்கா ஸ்க்ரீனைப் பார்த்தாங்க. 22 நிமிஷம் ஆச்சு. எல்லாருக்கும் பணம் ஏறிச்சு.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்கா!